எந்த வயதில் விமானி ஆகலாம்?

விமானி வேலைக்குக் குறைந்தபட்ச வயது என்ன என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. எந்த நாடு, காக்பிட்டின் எந்த இருக்கை என்பதைப் பொறுத்து அது 18 ஆகவும் 21 ஆகவும் 23 ஆகவும் மாறும். சட்டம் வேலைக்கு வயது நிர்ணயிப்பதில்லை; உரிமத்துக்குத்தான் நிர்ணயிக்கிறது. விமான நிறுவனம் உரிமம் பெற்றவர்களிலிருந்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே வேலைக்கான வயதை அறிய, உரிமங்களின் படிவரிசையை முதலில் அறிய வேண்டும்.

இந்தப் படிவரிசையின் மூலம் 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை. அதன்வழி உருவான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு (ஐ.சி.ஏ.ஓ.) 1948இல் விமானிகளின் உரிமத்துக்கான தர விதிகளை வெளியிட்டது. உடன்படிக்கையின் முதல் இணைப்பு என்று இவ்விதிகள் அழைக்கப்படுகின்றன. பலமுறை திருத்தப்பட்டு இன்று நடைமுறையில் இருக்கும் வடிவத்தின்படி, சொந்த விருப்பத்துக்காகப் பறப்பவர் பெறும் தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயது நிறைந்திருக்க வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு பறக்க உதவும் வணிக விமானி உரிமத்துக்கு 18. பெரிய பயணிகள் விமானத்தின் கேப்டனாக அமர்வதற்கான உரிமத்துக்கு 21. கடைசியாகச் சொன்ன இதற்கு ஆங்கிலச் சுருக்கம் ஏ.டி.பி.எல்.; வணிக உரிமத்துக்கு சி.பி.எல். விமானிகள் நாள் முழுதும் புழங்கும் பெயர்கள் இவைதாம்.

உறுப்பு நாடுகள் இந்த வயதுகளை உயர்த்திக்கொள்ளத் தடையில்லை. தாழ்த்துவதில்தான் சிக்கல். சர்வதேசத் தரத்துக்குக் குறைவான தகுதியோடு உரிமம் தரப்பட்டால், அந்தக் குறையை உரிமத்திலேயே எழுதியாக வேண்டும். மற்றொரு நாடு அனுமதித்தாலொழிய அத்தகைய உரிமத்தோடு அந்நாட்டு வானில் பறக்க முடியாது. நாடுவிட்டு நாடு பறப்பதே தொழிலாக உள்ள துறையில் அப்படியொரு உரிமத்தால் பயன் அதிகம் இராது. 17, 18, 21 என்ற எண்கள் உலகின் பெரும்பகுதியில் ஒன்றுபோல் இருப்பதற்கு இதுவே காரணம்.

வணிக உரிமத்துக்கு 18 என்பதை விளக்குவது எளிது. பெரும்பாலான நாடுகளில் அது சட்டப்படி முதிர்ந்தவராகும் வயது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம், தவறுக்குத் தானே பொறுப்பேற்கலாம். 21 அவ்வளவு எளிதாக விளங்குவதில்லை. மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது என்ற நரம்பியல் செய்தியை இப்போது பலரும் இதற்குச் சான்றாகச் சொல்கிறார்கள். ஆனால் 21, 23 போன்ற வரம்புகள் அந்த அறிவியலுக்கு மிகவும் மூத்தவை. பழைய சட்டங்களில் 21தான் முதிர்ச்சி வயது என்பதையும், கேப்டன் என்ற பொறுப்புக்குச் சில ஆண்டு அனுபவம் வேண்டும் என்ற பொதுப்புத்தியையும் தாண்டி இதற்குப் பெரிய ஆராய்ச்சி அடிப்படையைத் தேட வேண்டியதில்லை.

இளவயது விமானிகள் இத்துறைக்குப் புதியவர்களும் அல்லர். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே ஒரு மாதத்துக்குள் தனியே பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் 500 பவுண்டு பரிசு அறிவித்தார். 1930இல் அந்தப் பரிசை வென்ற ஆஸ்பி எஞ்சினியருக்கு அப்போது வயது 17. அவரிடம் தோற்றவர்களில் ஒருவர் ஜே.ஆர்.டி. டாட்டா, முந்தைய ஆண்டு தமது 24ஆம் வயதில் இந்தியாவின் முதல் விமானி உரிமத்தைப் பெற்றவர். ஆஸ்பி எஞ்சினியர் பின்னாளில் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானார். பதினேழு வயதுக்காரரால் கண்டம் கடக்க முடியும் என்பது அன்றே தெரிந்துபோன விஷயம். பின்வந்த விதிகள் எழுப்பிய கேள்வி வேறு: காசு கொடுத்து, விமானியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பின்னால் உட்கார்ந்திருக்கும் நூற்றைம்பது பேரை யாரிடம் ஒப்படைக்கலாம்?

இந்தியாவில் விமானி உரிமங்களை வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ. 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் இரண்டாம் அட்டவணையில் உரிமங்களின் தகுதிகள் எழுதப்பட்டுள்ளன. மாணவ விமானி உரிமத்துக்கு 16 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் வேண்டும். தனியார் உரிமத்துக்கு 17, வணிக உரிமத்துக்கு 18, ஏ.டி.பி.எல்.லுக்கு 21. வயதுக்கு ஆதாரம் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி. பள்ளியில் சேர்க்கும்போது ஒரு வருடம் கூட்டியோ குறைத்தோ எழுதிவிடும் பழைய வழக்கம் சில குடும்பங்களில் இந்த இடத்தில் வந்து இடிப்பதுண்டு. பெயரின் முன்னெழுத்து ஒரு சான்றிதழில் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரியும் இருந்து, அதைச் சரிசெய்யவே மாதக்கணக்கில் அலையும் தமிழ்நாட்டு மாணவர்களுக்கும் குறைவில்லை.

வணிக உரிமத்துக்கு பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும் என்பது இந்தியா தனியாக வைத்திருக்கும் விதி. வணிகவியல் படித்த மாணவர் இந்த இரண்டு பாடங்களை மட்டும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதித் தேறுவது வழக்கமாகிவிட்டது. இவர்களுக்கு இதிலேயே ஓராண்டு போய்விடும். காகிதத்தில் உள்ள 18க்கும் உண்மையில் உரிமம் கைக்கு வரும் வயதுக்கும் இடைவெளி விழத் தொடங்குவது இப்படித்தான்.

அந்த இடைவெளியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பிளஸ் டூ முடிக்கும் மாணவருக்கு வயது 17 அல்லது 18. முதல் வேலை மருத்துவப் பரிசோதனை. டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சோதனையும், வணிக உரிமத்துக்கான கடுமையான முதல் வகுப்புச் சோதனையும் உண்டு. பயிற்சிக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே முதல் வகுப்புச் சோதனையையும் முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். நிறக்குருடு இருப்பது அதுவரை தெரியாமலே வளர்ந்த பிள்ளைகள் உண்டு. பாதிப் பணத்தைச் செலவழித்த பிறகு அதைத் தெரிந்துகொள்வதில் யாருக்கும் லாபமில்லை. கண்ணாடி அணிவது மட்டும் தடையாகாது. கண்ணாடியோடு பார்வை அளவுக்குள் வந்தால் போதும்.

அடுத்து எழுத்துத் தேர்வுகள்: வழிகாணல், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தாக வேண்டும். வானொலித் தொடர்புக்குத் தனிச் சான்றிதழ். இவற்றோடு 200 மணி நேரப் பறப்பு. அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பை மாணவரே ஏற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும். 300 கடல் மைல் தூரத்துக்குக் குறையாத ஒரு நெடும்பயணம், வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி ஏறுவது, இரவுப் பறப்பு, கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது என்று அந்த 200 மணிக்குள் உட்கணக்குகள் பல. ஒவ்வொரு பறப்பும் லாக் புத்தகத்தில் தேதி, விமானத்தின் பதிவு எண், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம் என்று வரி வரியாக எழுதப்பட்டு, பயிற்சிப் பள்ளியின் சான்றொப்பம் பெற வேண்டும். பின்னாளில் எந்த நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போனாலும் இந்தப் புத்தகமும் கூடவே போகும்.

அமேதி மாவட்டம் ஃபர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்டிரிய உரான் அகாதமி போன்ற அரசு நிறுவனமானாலும் தனியார் பள்ளியானாலும், 200 மணியை நாள்காட்டியை வைத்துக் கணக்குப் போட முடியாது. மழைக்காலத்தில் மேகம் தாழ்ந்தால் பறப்பு இல்லை. வட இந்தியக் குளிர்காலத்தில் காலை முழுதும் மூடுபனி. விமானம் பராமரிப்புக்குப் போனால், பயிற்றுநர் வேலையை விட்டுப் போனால், காத்திருக்க வேண்டியதுதான். ஓராண்டில் முடியும் என்று சொல்லப்படும் பயிற்சி இரண்டு ஆண்டுகள் இழுப்பது சாதாரணம். இந்த நெருக்கடியால்தான் பலர் அமெரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போய்ப் பறந்துவிட்டு, திரும்பி வந்து இந்திய உரிமமாக மாற்றிக்கொள்கிறார்கள். மாற்றுவதற்கும் தேர்வு உண்டு.

வணிக உரிமம் கையில் வந்த பிறகும் பயணிகள் விமானத்தில் ஏற முடியாது. ஏர்பஸ் ஏ320, போயிங் 737, ஏ.டி.ஆர். என்று ஒவ்வொரு விமான வகைக்கும் தனித்தனியே டைப் ரேட்டிங் பெற வேண்டும். பயிற்சியின் பெரும்பகுதி சிமுலேட்டரில் நடக்கும். அதன்பின் நிறுவனத்தின் தேர்வு, நேர்காணல், பயிற்சிக் கேப்டனின் மேற்பார்வையில் பயணிகளோடு பறப்பது. எல்லாம் தடங்கலின்றி நடந்தாலும் துணை விமானியாக முதல் சம்பளம் வாங்கும்போது வயது இருபதைத் தாண்டியிருக்கும். 18 வயதில் துணை விமானி ஆவது சட்டத்தில் உண்டு. காக்பிட்டில் காண்பது அரிது.

வயதைவிடப் பெரிய தடை பணம். உரிமம், டைப் ரேட்டிங் இரண்டும் சேர்ந்தால் அரைக் கோடி ரூபாயைத் தாண்டிவிடுகிறது. நிலத்தை அடகு வைத்தோ கல்விக் கடன் வாங்கியோ படிக்கும் மாணவர் உரிமம் பெறும் ஆண்டு நல்ல ஆண்டாக அமைவதும் ஓரளவு அதிர்ஷ்டம்தான். 2012இல் கிங்ஃபிஷரும் 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும் நின்றபோது, ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த விமானிகள் வேலை தேடி வெளியே வந்தார்கள். 200 மணி மட்டுமே பறந்தவர் அந்த வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டார். 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோதும் அதே கதை. அவர்களில் யாருக்கும் வயது குறை அல்ல.

இந்தியச் சட்டத்துக்குள்ளேயே ஒரு முரண்பாடும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டப்படி லாரி, பேருந்து போன்ற போக்குவரத்து வாகனத்தைப் பொதுச் சாலையில் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். வணிக விமானி உரிமமோ 18இல் கிடைக்கிறது. நகரப் பேருந்தை ஓட்ட அனுமதிக்கப்படாத ஒருவர் ஏர்பஸ் விமானத்தின் வலப்பக்கத்தில் சட்டப்படி அமரலாம். இதில் விமானச் சட்டம் அலட்சியமானது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பேருந்து ஓட்டுநர் தனியாள். அவர் முடிவைத் திருத்தப் பக்கத்தில் யாரும் இல்லை. துணை விமானியின் பக்கத்தில் எப்போதும் கேப்டன் இருக்கிறார். தனித்து முடிவெடுக்கும் அதிகாரம் வரும்போதுதான் 21 என்ற வரம்பும் 1,500 மணி நேரப் பறப்பும் சேர்ந்து வந்து நிற்கின்றன.

இந்த 1,500 மணியும் சும்மா சேராது. இந்தியாவில் ஒரு விமானி ஓராண்டில் அதிகபட்சம் 1,000 மணி நேரம்தான் பறக்கலாம். களைப்பால் விபத்து நேராதிருக்க இந்தக் கட்டுப்பாடு. நடைமுறையில் அதற்கும் குறைவாகவே பறப்பார்கள். ஆகவே இருபதைத் தாண்டி வேலைக்குச் சேர்ந்தவர் 1,500 மணியை எட்டும்போது 21ஆம் பிறந்த நாள் பின்னால் போயிருக்கும். அதன்பின் ஏ.டி.பி.எல். தேர்வு. அதற்கும் பிறகு, கேப்டன் பதவிக்கு நிறுவனம் தானாக வைத்திருக்கும் மணிக்கணக்கு. பெரும்பாலும் அது சட்டம் கேட்பதைவிட அதிகம். 21 வயதில் கேப்டன் என்பதும் 18 வயதில் துணை விமானி என்பதைப் போலவே ஏட்டளவில் உள்ள எல்லைதான்.

அமெரிக்காவின் விதி இன்னும் கடுமையானது. அது அப்படி ஆன கதை விரிவாகச் சொல்லத் தக்கது. அங்கு ஏ.டி.பி. எனப்படும் கேப்டன் தர உரிமத்துக்கு வயது 23. ஆனால் 2013 வரை அது கேப்டனுக்கு மட்டும்தான் தேவைப்பட்டது. துணை விமானிக்கு வணிக உரிமம் போதும். 18 வயதும் ஏறத்தாழ 250 மணி நேரமும் இருந்தால் சட்டம் தடுக்காது. மது வாங்க 21 வயது கேட்கும் நாட்டில் இது பலருக்கும் விசித்திரமாகத்தான் பட்டது.

2009 பிப்ரவரி 12 இரவு நியூவார்க்கிலிருந்து பஃபலோ போய்க்கொண்டிருந்த கோல்கன் ஏர் 3407 விமானம், இறங்கும் தறுவாயில் கிளாரன்ஸ் சென்டர் என்ற ஊரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். வேகம் ஆபத்தான அளவுக்குக் குறைந்ததை எச்சரிக்கக் கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்தது. அப்போது மூக்கைத் தாழ்த்தி வேகம் சேர்க்க வேண்டிய கேப்டன், தண்டைத் தன் பக்கம் இழுத்துவிட்டார். விமானம் தூக்குவிசையை இழந்தது. விசாரணையில் வேறு பலவும் தெரியவந்தன. துணை விமானி முந்தைய இரவு நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள சியாட்டிலிலிருந்து வேறு விமானங்களில் ஏறி வேலைக்கு வந்தவர். கேப்டன் விமான நிலைய ஓய்வறையில் தூங்கியவர். முன்பு சில திறன் சோதனைகளில் தவறியவர்.

இறந்தவர்களின் குடும்பத்தினர் விடாமல் போராடியதால் 2010 ஆகஸ்டில் புதிய சட்டம் வந்தது. அதன்படி 2013 முதல் துணை விமானிக்கும் ஏ.டி.பி. கட்டாயம், அதாவது 23 வயதும் 1,500 மணியும். வயதுக்கு ஒரு சலுகையும் வைத்தார்கள். கட்டுப்படுத்தப்பட்ட ஏ.டி.பி. என்ற உரிமத்தை 21 வயதிலேயே பெறலாம். ராணுவத்தில் பயின்ற விமானிக்கு 750 மணி போதும். விமானவியலில் இளங்கலைப் பட்டம் பெற்றவருக்கு 1,000 மணி, இரண்டாண்டுப் பட்டம் பெற்றவருக்கு 1,250 மணி. பட்டமில்லாதவருக்கு 1,500.

விபத்துக்குள்ளான அந்த விமானத்தை ஓட்டிய இருவரும் 1,500 மணியைத் தாண்டியவர்கள் என்பதுதான் இதில் உறுத்தும் செய்தி. கேப்டன் 3,300 மணிக்கு மேலும், துணை விமானி 2,200 மணிக்கு மேலும் பறந்திருந்தார்கள். புதிய விதி அன்றே இருந்திருந்தாலும் மணிக்கணக்கு அவர்களைத் தடுத்திருக்காது. கேப்டனின் வயது 47, துணை விமானியின் வயது 24. களைப்பு, பயிற்சியின் தரம், பழைய தோல்விகளை நிறுவனம் முழுதாக அறியாதது ஆகியவையே உண்மையான காரணங்களுக்கு நெருக்கமானவை. விமானிகளின் ஓய்வு நேர விதிகளும், பழைய பதிவுகளைச் சேமிக்கும் தரவுத்தளமும் அதே சட்டத்தின் விளைவுகள். பேச்சில் அடிபடுவது என்னவோ 1,500 மணி விதிதான். எண்ணால் சொல்ல முடிந்ததை அரசியல் எளிதாகப் பிடித்துக்கொள்ளும்.

அந்த விதியின் நடைமுறை விளைவு, இளம் அமெரிக்க விமானி 250 மணிக்கும் 1,500 மணிக்கும் இடையே ஓரிரு ஆண்டுகளைப் பயிற்றுநராகக் கழிப்பது. பயிற்றுநர் சான்றிதழை 18 வயதில் பெறலாம். பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர், தந்தை வயதுள்ள மாணவருக்குச் சிறிய செஸ்னா விமானத்தில் தரையிறங்கச் சொல்லிக்கொடுத்து மணிகளைச் சேர்ப்பது அங்கே அன்றாடக் காட்சி. இப்படிச் சேரும் மணிகள் ஜெட் விமானத்துக்கு எவ்வளவு உதவும் என்பதில் கருத்து வேறுபாடு தீரவில்லை. சிறு விமானத்தில் ஒரே ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி வந்த ஆயிரம் மணியைவிட, சிமுலேட்டரில் எஞ்சின் பழுதைச் சமாளித்த ஐம்பது மணி மேலானது என்று ஒரு தரப்பு சொல்கிறது. சொந்தமாக முடிவெடுத்துப் பழகிய மணிகளுக்கு ஈடில்லை என்கிறது மறு தரப்பு.

ஐரோப்பா முதல் தரப்பின் பக்கம் நிற்கிறது. அங்கும் வணிக உரிமத்துக்கு 18, ஏ.டி.பி.எல்.லுக்கு 21. ஏ.டி.பி.எல். எழுத்துத் தேர்வுகளை முன்கூட்டியே எழுதித் தேறிய இளைஞர், மணிகள் சேரும்வரை ‘உறைந்த’ ஏ.டி.பி.எல்.லோடு துணை விமானியாகப் பறக்கலாம். 2006இல் ஐ.சி.ஏ.ஓ. அறிமுகப்படுத்திய பல்விமானி உரிமம், அதாவது எம்.பி.எல்., இதையும் தாண்டிப் போகிறது. 18 வயதில் பெறக்கூடிய இந்த உரிமத்துக்கு 240 மணி நேரப் பயிற்சி. அதில் பெரும்பங்கு சிமுலேட்டரில். தொடக்கத்திலிருந்தே இருவர் ஓட்டும் ஜெட் விமானத்துக்கென்றே மாணவர் தயாரிக்கப்படுகிறார். இருபது வயது துணை விமானியை இந்தியாவும் ஐரோப்பாவும் ஏற்கின்றன, அமெரிக்கா மறுக்கிறது. வயதைக்கொண்டு மட்டும் இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல இடமில்லை.

மிக இளைய வயதில் சாதனைக்காகப் பறப்பதற்கும் தொழிலுக்கும் தொடர்பில்லை என்றாலும், சட்டம் அங்கும் ஒருமுறை தலையிட்டது. 1996 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவில், நாட்டைக் குறுக்கே கடந்த இளைய ‘விமானி’ என்ற பெயர் வாங்கப் புறப்பட்ட 7 வயதுச் சிறுமியும், தந்தையும், பயிற்றுநரும் வயோமிங் மாநிலத்தின் ஷயான் நகரில் விமானம் விழுந்து இறந்தார்கள். சட்டப்படி விமானி அந்தப் பயிற்றுநரே. மோசமாகிக்கொண்டிருந்த வானிலையில், அதிக எடையோடு கிளம்பியது அவருடைய முடிவு. அதே ஆண்டு, உரிமமில்லாதவர் சாதனை முயற்சிக்காக விமானத்தின் கட்டுப்பாடுகளைத் தொடக்கூடாது என்று அமெரிக்கா சட்டம் செய்தது.

சீக்கிரம் சேர்வதால் கிடைக்கும் நன்மை வேறிடத்தில் இருக்கிறது. பல விமான நிறுவனங்களில் கேப்டன் பதவி, பெரிய விமானம், விரும்பிய ஊர், விடுமுறை எல்லாமே பணி மூப்புப் பட்டியலின்படி கிடைக்கின்றன. அந்தப் பட்டியலைத் தீர்மானிப்பது சேர்ந்த தேதி. திறமையோ பிறந்த தேதியோ அல்ல. நிறுவனம் மாறினால் புதிய பட்டியலின் அடியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அமெரிக்காவில் இந்த முறை மிகக் கண்டிப்பானது. 24 வயதில் சேர்ந்தவருக்கும் 34 வயதில் சேர்ந்தவருக்கும் முதல் நாளில் ஒரே சம்பளம். ஓய்வு பெறும் நாளில் பெரிய வித்தியாசம்.

ஏனென்றால் மறுமுனையிலும் வயது வரம்பு உண்டு. அமெரிக்காவில் 1960 முதல் 60 வயதோடு விமான நிறுவன விமானியின் பணி முடிந்தது. 2006இல் ஐ.சி.ஏ.ஓ. சர்வதேச வரம்பை 65 ஆக உயர்த்தியது. கேப்டன் 60ஐத் தாண்டியவரானால் உடன் பறப்பவர் 60க்குக் கீழிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அமெரிக்கா 2007 டிசம்பரில் பின்தொடர்ந்தது. உடன் பறப்பவர் பற்றிய நிபந்தனையையும் 2014இல் ஐ.சி.ஏ.ஓ. நீக்கியது. அமெரிக்காவில் 67 ஆக்கும் முயற்சி கீழவையில் தேறி, 2024இல் நிறைவேறிய இறுதிச் சட்டத்தில் இடம்பெறாமல் போனது. ஐ.சி.ஏ.ஓ. விதிப்படி, 60ஐக் கடந்த விமானிக்கு மருத்துவச் சான்று ஆறு மாதமே செல்லும். அதற்குக் கீழ் உள்ளவர்களுக்கு, இருவர் ஓட்டும் விமானத்தில், ஓராண்டு.

ஆக 21 வயதில் சேர்பவருக்குச் சட்டம் தரும் பணிக்காலம் 44 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் ஒவ்வொரு மருத்துவச் சோதனையிலும் தேற வேண்டும். சர்க்கரையோ இதயக் கோளாறோ நடுவில் பணியை நிறுத்திவிடலாம். விமானியின் உரிமத்துக்கே தனியாகக் காப்பீடு எடுப்பதும், படிப்புக்கு நடுவில் ஒரு பட்டத்தை அஞ்சல் வழியாவது முடித்துவைப்பதும் இதனால்தான். 65க்குப் பின் பயணிகள் விமானத்தைவிட்டு இறங்கும் கேப்டன்களில் சிலர் சிமுலேட்டர் மையங்களில் பயிற்றுநராகத் தொடர்கிறார்கள். அந்த வேலைக்கு இந்த வயது வரம்பு பொருந்தாது.